காற்றின் கனம் – 9: பாதரசம் இறங்குகிறது

சென்ற வாரம் தென்னமெரிக்காவின் தென்கோடியில் நிறுத்தியிருந்தோம். பீகிள் என்ற அளவைக் கப்பலின் தலைவர் பிரிங்கிள் ஸ்டோக்ஸ், குளிரும் தனிமையும் தாங்காமல் 1828 ஆகஸ்டில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அந்த ஆண்டின் இறுதியில் கப்பலை ஏற்க வந்தவருக்கு வயது 23. பெயர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய்.

1829 ஜனவரி 30. லா பிளாட்டா ஆறு கடலில் கலக்கும் இடத்தில், மால்டொனாடோ துறையை நெருங்கிக்கொண்டிருந்தது பீகிள். கப்பலில் தொங்கிய பாரமானியில் பாதரசம் இறங்கியிருந்தது. அது எதைச் சொல்கிறது என்று ஃபிட்ஸ்ராய்க்குத் தெரியும். படித்தவர்; கடற்படைக் கல்லூரியில் முதல் மாணவராகத் தேறியவர். ஆனால் துறை பக்கத்தில் இருக்கிறது, புதிய பதவி, போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற நம்பிக்கை. பாய்களைச் சுருட்டச் சொல்லும் உத்தரவு நேரத்துக்கு வரவில்லை.

அந்தப் பக்கத்துச் சமவெளிகளிலிருந்து கடல் மேல் பாயும் தென்மேற்குச் சூறைக்குப் பாம்பெரோ என்று பெயர். அது வந்து அறைந்ததில் பீகிள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாய்மரங்களின் மேல்பகுதிகள் முறிந்து விழுந்தன. பாய்மரத்தின் மேலிருந்த இரண்டு பேர் கடலில் போனார்கள். அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை.

இரண்டே பேர்தானே என்று அந்தக் காலத்துக் கடற்படைக் கணக்கு இதை எளிதாக விழுங்கியிருக்கும். அந்த இளைஞரால் விழுங்க முடியவில்லை. அடுத்த முப்பத்தாறு ஆண்டுகள் அவர் செய்த காரியங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஜனவரி நாள் கிடக்கிறது என்றே நான் நினைக்கிறேன். சார்லஸ் டார்வினை உலகம் சுற்ற அழைத்துப் போன கப்பல்தலைவர் என்று ஒரே வரியில் ஃபிட்ஸ்ராயை முடித்துவிடுகிற புத்தகங்கள் ஏராளம். டார்வின் ஏறியது 1831இல், பீகிளின் இரண்டாம் பயணத்தில். நமக்கு வேண்டிய ஃபிட்ஸ்ராய் அதற்கும் முன்பே பிறந்துவிட்டார், இறங்கிய பாதரசத்தைப் பார்த்தும் பேசாமல் இருந்த அந்த ஒரு நாளில்.

*

1854இல் லண்டனில் வர்த்தக வாரியத்தின் கீழ் ஒரு சின்ன அலுவலகம் திறந்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள். கப்பல்களுக்குக் கருவிகளைக் கொடுத்து, அவை எழுதிவரும் காற்று, வெப்பம், அழுத்தக் கணக்குகளைத் தொகுப்பதுதான் வேலை. இன்று பிரிட்டனின் வானிலை அலுவலகமாக வளர்ந்து நிற்பது அதுதான். தலைமைக்கு வந்தவர் ஃபிட்ஸ்ராய். இடையில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார், நியூசிலாந்தின் ஆளுநராகப் போய்த் திருப்பி அழைக்கப்பட்டார். அந்தக் கதைகள் நம் பாதையில் இல்லை.

வேலையில் அமர்ந்ததும் அவர் கண்ணை உறுத்தியது ஒரு பழைய தவறு.

வசதியான வீடுகளின் கூடத்தில் அப்போது கட்டாயம் ஒரு பாரமானி தொங்கும். பெரும்பாலும் சக்கரப் பாரமானி. ராபர்ட் ஹூக்கின் யோசனையில் பிறந்த வகை: பாதரசத்தின் மேல் ஒரு மிதவை, அதிலிருந்து ஒரு நூல், நூல் சுற்றிய கப்பி, கப்பியோடு சுழலும் முள். பாதரசம் நூலளவு ஏறி இறங்கினாலும் முள் வட்டத் தகட்டில் விரலளவு நகர்ந்து காட்டும். மகோகனி மரத்தில் கீழே வளைந்து பருத்து, மேலே குறுகி நீளும் உருவம். இத்தாலியின் கோமோ ஏரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த கண்ணாடிக் கலைஞர்கள் இங்கிலாந்தின் ஊர்தோறும் செய்து விற்றார்கள். இன்றும் ஏலக்கடைகளில் அதிகம் கிடைப்பது அந்த வகைதான்.

தகட்டில் எண்களோடு சொற்களும் இருக்கும். 28 அங்குலத்தில் ‘புயல்’. அரை அங்குலத்துக்கு ஒன்றாக ‘பெருமழை’, ‘மழை’, ‘மாற்றம்’, ‘தெளிவு’, ‘நிலைத்த தெளிவு’ என்று ஏறி, 31இல் ‘கடும் வறட்சி’. வீட்டுக்காரர் காலையில் கண்ணாடியை விரலால் தட்டுவார், முள் நிற்கும் சொல்லைப் படிப்பார், குடையை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

அந்தச் சொற்களை நம்பாதீர்கள் என்றார் ஃபிட்ஸ்ராய். காரணம் எளியது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 அடி உயரம் போனால் பாதரசம் ஓர் அங்குலம் இறங்கிவிடும். மேலே நிற்கும் காற்றின் கனம் அவ்வளவு குறைகிறது. துறைமுகத்தில் ‘தெளிவு’ காட்டும் கருவியைத் தூக்கிப்போய் குன்றின் மேல் ஒரு வீட்டில் மாட்டினால், அதே வெயிலில் அது ‘மழை’ என்று சொல்லும். வடகிழக்குக் காற்று வீசும்போது பாதரசம் இயல்பாகவே உயர்ந்து நிற்கும். அப்போது மழை கொட்டினாலும் முள் ‘தெளிவு’ பக்கமே இருக்கக்கூடும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஏறுகிறதா, இறங்குகிறதா, எவ்வளவு வேகத்தில் என்று பார்க்க வேண்டும். நேற்று எங்கே நின்றது, இன்று எங்கே நிற்கிறது என்று ஒப்பிட வேண்டும். மெல்ல இறங்கினால் நீண்டநாள் கெட்ட வானிலை. சடசடவென்று இறங்கினால் சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும் சூறை. மிகத் தாழ்ந்த பிறகு முதன்முதலாக ஏறும்போதுதான் பேய்க்காற்று வரலாம், அப்போது ஏமாறக் கூடாது. காற்றின் திசையையும் வானத்தின் நிறத்தையும் கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவற்றைக் கடலோர மக்களுக்குப் புரிகிற மொழியில் கையேடாக எழுதினார்.

புத்தகம் எழுதினால் போதுமா? கூடத்தில் பாரமானி வைத்திருப்பவன் கடலுக்குப் போவதில்லை. கடலுக்குப் போகிறவன் வீட்டில் பாரமானி இல்லை. இதற்கு ஒரு வழி தேடிக்கொண்டிருந்தபோதுதான் 1859 அக்டோபர் பிறந்தது.

*

ராயல் சார்ட்டர். இரும்பு உடல், பாய்மரமும் நீராவியும் சேர்ந்த கப்பல். அந்த ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று மெல்பர்னிலிருந்து லிவர்பூலுக்குப் புறப்பட்டது. ஆஸ்திரேலியத் தங்கவயல்களில் ஆண்டுக்கணக்கில் தோண்டிச் சம்பாதித்தவர்கள் குடும்பத்தோடு ஊர் திரும்பினார்கள். கப்பலின் பெட்டகத்தில் தங்கம். பயணிகளின் இடுப்பு வார்களிலும் தங்கம். அக்டோபர் 24 அன்று அயர்லாந்தின் குயின்ஸ்டவுனைத் தொட்டுவிட்டார்கள். வீட்டுக்கு இனி ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்.

25ஆம் தேதி பிற்பகல் 3 மணிவாக்கில் ஆங்கிலக் கால்வாயில் புயல் தோன்றியது. டெவன், கார்ன்வால் கரைகளை அடித்து நொறுக்கிவிட்டு வடக்கே ஏறியது. வேல்ஸின் ஆங்கில்சி தீவை அது தொட்டபோது இரவு 8 மணி. ராயல் சார்ட்டர் அப்போது அந்தத் தீவின் வடகரையைச் சுற்றி லிவர்பூல் பக்கம் போக முயன்றுகொண்டிருந்தது.

இரவு 11 மணிக்கு நங்கூரம் போட்டார்கள். ஒன்றரை மணிக்கு ஒரு சங்கிலி அறுந்தது. ஒரு மணி நேரம் கழித்து மற்றதும் அறுந்தது. காற்றின் பிடியைக் குறைக்கப் பாய்மரங்களை வெட்டித் தள்ளினார்கள். பயனில்லை. மோல்ஃப்ரே என்ற மீனவ ஊருக்கு அருகில் மணல்திட்டில் தட்டி நின்றது கப்பல். தப்பித்துவிட்டோம் என்று கொஞ்ச நேரம் நம்பியிருப்பார்கள். விடியற்காலையில் ஓதம் ஏறியது. அலைகள் கப்பலை மணலிலிருந்து தூக்கிப் பாறைகளில் மோதின. இரும்பு உடல் இரண்டாகப் பிளந்தது.

கரை கல்லெறி தூரம். மால்ட்டாத் தீவைச் சேர்ந்த கூசே ரூஜியர் என்ற மாலுமி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்து, அந்த அலைகளில் நீந்தி, கயிற்றைக் கரை சேர்த்தார். அவர் கொண்டுபோன கயிற்றில் தொற்றி வந்தவர்கள் உட்படப் பிழைத்தவர்கள் சுமார் 40 பேர். எல்லாரும் ஆண்கள். பெண்களில் ஒருவரும், குழந்தைகளில் ஒருவரும் கரையேறவில்லை. சுமார் 450 பேர் இறந்தார்கள். இடுப்பில் கட்டிய தங்கத்தின் கனமே சிலரை அடியில் இழுத்துக்கொண்டது. அந்த ஒரே புயலில் பிரிட்டனைச் சுற்றி 133 கப்பல்கள் மூழ்கின. மொத்தம் சுமார் 800 உயிர்கள்.

நாடே அழுதுகொண்டிருந்தபோது ஃபிட்ஸ்ராய் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். கலங்கரை விளக்கங்களுக்கு, வானாய்வகங்களுக்கு, அந்த நாளில் கடலிலிருந்த கப்பல்களின் தலைவர்களுக்கு. உங்கள் பாரமானி எந்த மணிக்கு என்ன காட்டியது? காற்று எந்தத் திசை? பதில்கள் வந்து குவிந்தன. வரைபடங்களில் மணிவாரியாகக் குறித்தார். கால்வாயிலிருந்து சுழன்றபடியே வடக்கே நகர்ந்துபோன ஒரு மாபெரும் சுழல் காகிதத்தின் மேல் தெரிந்தது.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. கால்வாயில் 3 மணி. ஆங்கில்சியில் 8 மணி. இடையில் ஐந்து மணி நேரம். தந்திச் செய்திக்குச் சில நிமிடங்கள் போதும்.

*

இரண்டு வேலைகளை ஒன்றாக முடுக்கினார்.

முதலாவது, ஏழை மீனவ ஊர்களுக்குப் பாரமானி. இதைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்ப்போம், ஏனென்றால் நான் பார்த்துப் படித்த பழைய கருவிகளில் இவ்வளவு அக்கறையோடு யோசித்துச் செய்ததாக வேறொன்று இல்லை. அலங்காரமே கிடையாது. கனத்த ஓக் மரச் சட்டம், உப்புக்காற்றைத் தாங்குவதற்கு. உள்ளே மூன்றடிக்குச் சற்றுக் குறைவான கண்ணாடிக் குழாய். வழக்கத்தைவிட அகலமானது, மங்கிய வெளிச்சத்திலும் வயதானவர் கண்ணுக்கும் பாதரசம் பளிச்சென்று தெரிவதற்கு. மேல்முனையில் வெண்பீங்கான் அளவுத் தகடு. துருப்பிடிக்காது, மங்காது. அதில் ‘மழை’, ‘தெளிவு’ என்ற பழைய சொற்கள் இல்லை. ஒரு பக்கம் ‘ஏறினால்’ என்று தொடங்கி வடக்கு, கிழக்குக் காற்று, வறட்சி, காற்றுத் தணிதல். மறுபக்கம் ‘இறங்கினால்’ என்று தொடங்கித் தெற்கு, மேற்குக் காற்று, ஈரம், காற்று மிகுதல். அவ்வளவுதான். குழாயை ஒட்டி நகர்த்தக்கூடிய இரண்டு குறிகள். ஒன்றை நேற்றைய உயரத்தில் வைத்துவிட வேண்டும், மற்றதை இன்றைய உயரத்தில். எழுதப் படிக்கத் தெரியாதவனும் இரண்டு குறிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தால் போதும். அலையும் காற்றும் அவனுக்கு ஏற்கெனவே பாடம்.

நெக்ரெட்டி அண்ட் ஸாம்ப்ரா என்ற லண்டன் கருவிக்கடை இவற்றைச் செய்தது. கோமோ ஏரிக்கரை இத்தாலியர்களின் வழியில் வந்த கடைதான் அதுவும். துறைமுகச் சுவர்களிலும், படகுகள் போகும் வழியில் எல்லார் கண்ணும் படுகிற இடங்களிலும் பாரமானிகள் ஏறின. உயிர்காப்புப் படகுச் சங்கமும் தன் நிலையங்களில் மாட்டத் தொடங்கியது.

இரண்டாவது, தந்தி. கடற்கரையைச் சுற்றிப் பதினைந்து இடங்கள்போல. அங்கிருந்து காலைதோறும் அழுத்தம், வெப்பம், காற்று லண்டனுக்கு வரும். ஆபத்து தெரிந்தால் துறைமுகத்துக்குத் தந்தி போகும். உடனே கம்பத்தில் கித்தானால் செய்த கூம்பை ஏற்றுவார்கள். நுனி மேலே நோக்கினால் வடக்கிலிருந்து பெருங்காற்று. கீழே நோக்கினால் தெற்கிலிருந்து. உருளையும் சேர்ந்து தொங்கினால் கடும்புயல். இரவில் அதே உருவங்களை விளக்குகளால் காட்டுவார்கள்.

நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் பாம்பனிலும் ‘புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்று செய்தி வாசிக்கும்போது நாம் கேட்பது இந்தக் குடும்பத்துக் கதையைத்தான். கூம்பும் உருளையும் பகலில், விளக்குகள் இரவில். 1864இல் கல்கத்தாவைப் பெரும்புயல் சூறையாடிய மறுவருடமே அந்தத் துறைமுகத்துக்கு எச்சரிக்கை முறை வந்தது. அந்தக் கதை தனி அத்தியாயம்.

1860 ஜூனில் புயல்களைப் பற்றிக் கட்டுரை வாசிக்க ஆக்ஸ்ஃபர்டு போனார் ஃபிட்ஸ்ராய். அதே கூட்டத்தொடரில்தான் டார்வினின் கொள்கை மீது அந்தப் புகழ்பெற்ற வாக்குவாதம் நடந்தது. பைபிளை உயர்த்திப் பிடித்து நண்பருக்கு எதிராகப் பேசிய முதியவராகத்தான் அந்த நாளில் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் எதற்காக அங்கே போனார் என்பதை யாரும் நினைப்பதில்லை.

1861 பிப்ரவரி 6. முதல் புயல் எச்சரிக்கை லண்டனிலிருந்து புறப்பட்டது. மூன்றாம் நாள், பிப்ரவரி 9 அன்று, வடகிழக்குக் கடற்கரையில் புயல் கோரத்தாண்டவம் ஆடியது. விட்பி ஊரில் மூழ்கும் கப்பல்களுக்கு உதவ ஒரே நாளில் திரும்பத் திரும்பப் போன உயிர்காப்புப் படகு கடைசியில் கவிழ்ந்தது. பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் போனார்கள். எச்சரிக்கை சரியாகத்தான் இருந்தது. அதை மதிக்கக் கடற்கரை இன்னும் பழகவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று ‘தி டைம்ஸ்’ நாளிதழின் ஒரு மூலையில் சில வரிகள். வடக்கு, மேற்கு, தெற்கு என்று மூன்று பகுதிகள். அடுத்த இரண்டு நாளுக்கு எங்கே எந்தக் காற்று, வானம் எப்படி இருக்கும். உலகத்தில் ஒரு செய்தித்தாள் வாசகருக்கு நாளைய வானிலையை அறிவியல் கணக்கில் சொன்னது அன்றுதான்.

விக்டோரியா ராணி கடல் கடந்து போவதற்கு முன் அவரிடம் ஆளனுப்பி வானிலை கேட்டார். குதிரைப் பந்தயக்காரர்கள் கேட்டார்கள். எல்லாம் கூடிவந்ததுபோலத் தோன்றிய அந்த நேரத்தில்தான் சரிவு தொடங்கியது.

*

சில தந்தி நிலையங்கள், வேகமாகக் கணக்குப் போடும் ஒரு மனித மூளை. இதை வைத்துத் தினமும் நாளையைச் சொல்ல வேண்டும். அட்லாண்டிக் கடலுக்கு மேல் என்ன நடக்கிறது என்று சொல்லத் தந்தி கிடையாது. புயல்களோ அங்கிருந்துதான் வருகின்றன. பிழைகள் நேர்ந்தன. வெயில் என்ற நாளில் மழை பெய்தது. நாடாளுமன்றத்தில் சிரித்தார்கள். முன்னறிவிப்பை அச்சிட்ட ‘தி டைம்ஸ்’ நாளிதழே அதைக் குத்திக்காட்டி எழுதியது. கூம்பு ஏறினால் மீனவர்கள் கடலுக்குப் போக மறுக்கிறார்கள், ஒருநாள் வருமானம் போகிறது என்று படகு முதலாளிகள் பொருமினார்கள். விதியே இல்லாமல் ஊகிக்கிறார் என்றனர் அறிவியலாளர்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஃபிட்ஸ்ராயின் முறை பெரும்பாலும் அவர் அனுபவத்திலேயே இருந்தது. பிறர் சோதித்துப் பார்க்கும் வகையில் அவர் அதை எழுதிவைக்கவில்லை. 1863இல் வெளியிட்ட வானிலைப் புத்தகமும் அந்தக் குறையைத் தீர்க்கவில்லை.

சொந்தச் சொத்தைப் பொதுவேலையில் கரைத்திருந்தார். காது மந்தமாகியது. உறக்கம் போயிற்று. மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அவர் அலுவலகம் போவதை நிறுத்தவில்லை.

1865 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை. லண்டனுக்குத் தெற்கே அப்பர் நார்வுட்டில் அவர் வீடு. காலையில் எழுந்து, மகளின் அறைக்குப் போய் அவளை முத்தமிட்டுவிட்டு, உடைமாற்றும் அறைக்குள் சென்று கதவைத் தாழிட்டார். 37 ஆண்டுகளுக்கு முன் ஸ்டோக்ஸ் தேர்ந்த முடிவைத்தான் அவரும் தேர்ந்தார். வயது 59. மனைவி மக்களுக்கு மிச்சமில்லை என்று தெரிந்ததும் நண்பர்கள் நிதி திரட்டினார்கள். அவர்களோடு கைகோத்துப் பணம் கொடுத்தவர்களில் டார்வினும் ஒருவர்.

அடுத்து ஒரு விசாரணைக் குழு. தலைவர் பிரான்சிஸ் கால்டன், டார்வினின் உறவினர். ஃபிட்ஸ்ராயின் முன்னறிவிப்புகளுக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று 1866இல் அறிக்கை வந்தது. செய்தித்தாள் முன்னறிவிப்பு நின்றது. அந்த டிசம்பரில் புயல் எச்சரிக்கையும் நின்றது. கூம்புகள் இறங்கின.

கூம்பு இருந்தபோது முணுமுணுத்த அதே கடற்கரை இப்போது வேறு குரலில் பேசியது. துறைமுகங்களிலிருந்து மனுக்கள் குவிந்தன: எங்களுக்கு எச்சரிக்கை வேண்டும். ஏறக்குறைய ஓராண்டில் எச்சரிக்கை திரும்பி வந்தது. செய்தித்தாள் முன்னறிவிப்பு திரும்ப 1879 ஆனது.

இந்த இழுபறி முழுவதிலும் யாரும் கைவைக்காத ஒன்று உண்டு. துறைமுகச் சுவர்களில் தொங்கிய பாரமானிகள். தந்தி வேண்டாம், குழு வேண்டாம், நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டாம். பார்ப்பதற்குக் கண்ணும், பார்த்ததை நம்புவதற்கு மனமும் இருந்தால் போதும்.

ஸ்காட்லாந்தின் தென்கிழக்குக் கரையில் ஐமவுத் என்ற மீனவ ஊர். அங்கும் துறைமுகத்தில் ஊருக்குப் பொதுவாக ஒரு பாரமானி இருந்தது. 1881 அக்டோபரில் ஒரு வாரமாகக் கடல் கொந்தளித்துப் படகுகள் கட்டிக் கிடந்தன. வீட்டில் காசில்லை. தூண்டிற்கயிறுகளில் பெண்கள் குத்திவைத்த இரை அழுகத் தொடங்கும்.

14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை காலை. வானம் தெளிவு. காற்றே இல்லை. கடல் கண்ணாடிபோலக் கிடந்தது. ஒரு வாரம் காத்திருந்தவர்கள் துறைமுகத்துக்கு வந்தார்கள். வழியில் பாரமானியைப் பார்த்தார்கள்.

பாதரசம் அவர்கள் இதுவரை பார்த்திராத அளவுக்கு இறங்கியிருந்தது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒரு படகு நகர்ந்தது. அதன் பின்னால் அடுத்தது.

(தொடரும்)